வேறொரு ஹாஃப்மனைத் தேடி: ஐந்து நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள் – ஹாஃப்மன் எஸ்டேட்ஸ், ஷாம்பர்க், பென்சன்வில்

என் மகள் குடியிருக்கும் ஊருக்கு ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்று பெயர். சிகாகோவுக்கு வடமேற்கே இருக்கும் அந்தப் புறநகருக்கு நான் வந்து மூன்று வாரங்களாகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பேரேட்டோடு உறவாடிவிட்டு ஓய்வு பெற்றவனுக்குப் பகல் பொழுதைப் போக்குவது எளிதன்று. ஊர் நூலகத்தில் இல்லினாய் மாநில வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஃபிரான்சிஸ் ஆர்னால்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியரின் பெயர் கண்ணில் பட்டது. பிரஷ்யாவிலிருந்து வெறுங்கையோடு வந்தவர், பள்ளி ஆசிரியராகவும் போதகராகவும் வங்கியாளராகவும் இருந்தவர், உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்த மாநிலத்தின் துணை ஆளுநராகவே ஆனவர். ஊரின் பெயர் அவருடையதுதான் என்று முடிவு கட்டி, அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பெருமையோடு அறிவித்தேன்.

மருமகன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்து, "மாமா, அது வேற ஹாஃப்மன். 1950களில் இங்கே வீடு கட்டி விற்ற சாம் ஹாஃப்மன், ஜாக் ஹாஃப்மன் என்ற அப்பாவும் மகனும்" என்றார். ஆங்கில எழுத்துக் கூட்டலில்கூட என்னுடையவருக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல். வீட்டுமனை வியாபாரிகளின் பெயர் ஊருக்கு வாய்த்திருக்கிறது. துணை ஆளுநரின் பெயரைத் தேடித்தான் போக வேண்டும். அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பயணம்.

அதிகம் தேடவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்து ஊரான ஷாம்பர்க்கில், பெரிய சாலை ஓரத்திலேயே, 1863இல் கட்டிய செங்கல் தேவாலயம் நிற்கிறது. புனித பேதுரு லூத்தரன் சபை 1847இல் தொடங்கியபோது அதன் முதல் போதகராக வந்தவர் ஹாஃப்மன். வடக்கு ஜெர்மனியின் ஷாம்பர்க்-லிப்பே வட்டாரத்திலிருந்து வந்த உழவர்கள் இங்கே குடியேறியிருந்தார்கள். 1850இல் ஊருக்கு என்ன பெயர் வைப்பது என்று கூடிப் பேசியபோது, நெர்கே என்ற நிலக்கிழார் மேசையில் ஓங்கிக் குத்தி, "ஷாம்பர்க் என்றுதான் இருக்கும்" என்று தம் வட்டார மொழியில் முழங்கியதாக இந்த ஊரில் ஒரு கதை வழங்குகிறது. இப்போது அந்த வயல்களின் மேல் 1971இல் திறந்த பெரிய வணிக வளாகமும், நம்மவர்கள் வேலை பார்க்கும் கணினி நிறுவனங்களும் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தின் பழைய கற்களில் ஜெர்மன் வாசகங்களை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, சாலைக்கு அப்பாலிருந்து பர்கர் கடையின் எண்ணெய் மணம் வந்துகொண்டிருந்தது.

அவர் கதையின் தொடக்கம் இதற்கும் முந்தியது. 1822ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், வெஸ்ட்பாலியாவின் ஹெர்ஃபோர்ட் நகரில், புத்தக வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். உள்ளூரில் நல்ல உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிரஷ்யப் படையில் கட்டாயச் சேவைக்கு ஆள் எடுக்கும் வயது நெருங்கியபோது கப்பலேறிவிட்டார். 1840இல் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தபோது வயது பதினெட்டு, கையில் காசு இல்லை, ஆங்கிலமும் இல்லை. லேக் ஹவுஸ் என்ற பெரிய விடுதியில் விருந்தினரின் காலணிகளுக்கு மெருகு போடும் வேலைதான் முதலில் கிடைத்தது. லத்தீன் படித்த பையனுக்குச் சப்பாத்துத் துடைக்கும் வேலை என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம், ஒரே மாதத்தில் அவருக்கு வேறு வழி திறந்தது. சிகாகோவுக்கு மேற்கே டங்க்லி தோப்பு என்ற குடியிருப்பில் ஜெர்மானியக் குழந்தைகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டார். ஆண்டுக்கு 50 டாலர் சம்பளம். சாப்பாடும் படுக்கையும் முறைவைத்து வீட்டுக்கு வீடு.

பிற்பகலில் அந்தத் தோப்பு இருந்த அடிசன், பென்சன்வில் பகுதிக்குப் போனோம். சர்ச்வில் என்ற இடத்தில் 1850இல் கட்டிய ஓரறைப் பள்ளி இன்றும் இருக்கிறது. ஹாஃப்மன் அதற்குள் ஷாம்பர்க்குக்கு மாறிப் போய்விட்டார் என்றாலும், அவர் எந்த மாதிரி அறையில் பாடம் நடத்தியிருப்பார் என்று காண அதைவிட நல்ல இடம் கிடையாது. பலகைச் சுவர், நெட்டுச் சன்னல்கள், ஒரே ஒரு கதவு. வீட்டுக்கு வீடு சாப்பிட்ட ஆசிரியருக்கு ஒவ்வொரு குடும்பத்தின் கடன், நோய், தாய்நாட்டிலிருந்து வந்த கடிதம், பக்கத்து நிலத்தோடுள்ள வரப்புத் தகராறு எல்லாமே தெரிந்திருக்கும். வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு ஒரு படிவத்தை இணைத்து நாங்கள் தெரிந்துகொள்ள முயன்றதையெல்லாம் அவர் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தே தெரிந்துகொண்டார்.

பின்னர் மிச்சிகன் போய்க் குருத்துவ அபிஷேகம் பெற்றுத் திரும்பி, ஆசிரியர் போதகரானார். சுற்றியுள்ள மாவட்டங்களில் சிதறிக் கிடந்த குடும்பங்களை எல்லைக்கு அப்பால் இந்தியானா வரை குதிரையில் போய்ப் பார்த்தார். 1844இல் சின்தியா கில்பர்ட் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கணவரின் மொழியைக் கற்றுக்கொண்டு சபையாரோடு ஜெர்மனிலேயே பேசினார். ஊர்க் கணக்கு, பள்ளிக் குழு, அஞ்சல் என்று ஆங்கிலம் தெரிய வேண்டிய வேலைகளெல்லாம் போதகர் தலையில் வந்து விழுந்ததில் வியப்பில்லை.

திரும்பும் வழியில் ஓஹேர் விமான நிலையத்தின் வேலி ஓரமாக வந்தோம். விமானங்கள் தலைக்கு மேலே தொட்டுவிடும் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. இந்தக் குடியேறிகளின் இன்னொரு சபைக்குச் சொந்தமான புனித யோவான் கல்லறைத் தோட்டம் ஓடுபாதையை விரிவாக்கும் திட்டத்தில் சிக்கியது. சபையார் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தும் பயனில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி வேறிடங்களுக்கு மாற்றினார்கள். கடல் தாண்டி வந்து மண்ணுக்குள் போனவர்களை மறுபடியும் இடம் பெயர்த்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் – சிகாகோ

காலை ரயிலில் சிகாகோ. ஆற்றங்கரையில், ரஷ் தெருப் பக்கம், லேக் ஹவுஸ் விடுதி இருந்த இடத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தேன். 1840இல் இந்நகரின் மக்கள்தொகை 4,470. நம் பக்கத்தில் ஒரு நடுத்தரக் கிராமம். ஹாஃப்மன் உடல்நலம் குன்றிப் போதகர் பணியை விட்டு 1852இல் நகரத்துக்கு வந்தபோது அது 30,000 பேரைக் கடந்து பொங்கிக்கொண்டிருந்தது. 1860இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும். வந்தவர் சட்டம் படித்தார், மனை விற்றார், 1853இல் நகர மன்ற உறுப்பினரானார், 1854இல் ஹாஃப்மன் – கெல்ப்கே என்ற பெயரில் கூட்டாக ஒரு வங்கியைத் தொடங்கினார்.

குடியேறிகளின் வங்கி என்றால் பளிங்குத் தூண்களை எண்ணிக்கொள்ளக் கூடாது. தாய்நாட்டுக்குப் பணம் அனுப்ப உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு எழுதித் தருவது, அங்கிருந்து வருகிற உண்டியலைக் காசாக்குவது, தம்பியையோ தங்கையையோ வரவழைக்கக் கப்பல் சீட்டுக்கு ஏற்பாடு செய்வது, நிலப் பத்திரத்தைப் படித்துச் சொல்வது, அறுவடைக் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்வது ஆகிய ஐந்தாறு வேலைகளும் ஒரே மேசையில் நடக்கும். ஆங்கில எழுத்தே தெரியாத உழவர் ஒருவர் தம் சேமிப்பை நகரத்து வங்கியில் கொடுக்கத் துணிய வேண்டுமானால், கூண்டுக்குப் பின்னால் இருப்பவர் அவர் மொழியில் பேச வேண்டும். அவர் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவராகவும் இருந்துவிட்டால் பிறகு என்ன கேள்வி? ஹாஃப்மனிடம் இருந்த முதலீடு அதுதான். டங்க்லி தோப்பில் ஆண்டுக்கு 50 டாலருக்குச் சேர்த்துவைத்ததை அவர் லாசால் தெருவில் கணக்கில் வரவு வைத்தார். குறையாகச் சொல்லவில்லை. வைப்புத் தொகை திரட்டக் கோயில் திருவிழாவில் பந்தல் போட்டு உட்கார்ந்தவன் நான்.

சிகாகோவின் வணிகம் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தயாரித்து ஜெர்மனியில் சுற்றுக்கு விட்டார். பல ஜெர்மானியக் குறுநாடுகளின் வணிகத் தூதர் பொறுப்பும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பணம் இங்கே முதலீடாக வந்தது.

கிளார்க் தெருப் பாலத்தில் நின்றபோது அரசியலின் வாடை வந்தது. 1855இல் லீவாய் பூன் என்ற மேயர் இங்கே பதவிக்கு வந்தார்; வெளிநாட்டில் பிறந்தவர்களைக் கண்டால் ஆகாத கட்சியின் ஆதரவில் வென்றவர். மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார், ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பையும் கண்டிப்பாக்கினார். ஆறு நாளும் உழைக்கிற ஜெர்மானியத் தொழிலாளிக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். ஏப்ரல் 21ஆம் நாள் வடக்குக் கரையிலிருந்து அவர்கள் திரண்டு வந்தபோது, மேயர் சுழல் பாலத்தைத் திருப்பிவிட்டுக் கூட்டத்தைத் தடுத்தார். பாலத்தை மறுபடி பொருத்தியதும் மோதல் வெடித்தது. ஓர் உயிர் போனது. பியர் கலகம் என்று இன்றும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நகரத்தில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று ஜெர்மானியர்கள் வாக்குப் பெட்டியில் காட்டத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மாலையில் ஒரு பழைய நாணயக் கடைக்குள் ஏறினேன். 1850களில் இல்லினாயின் சிற்றூர் வங்கி ஒன்று அச்சிட்ட இரண்டு டாலர் நோட்டைக் கடைக்காரர் கண்ணாடி உறையோடு என் கையில் கொடுத்தார். மெல்லிய தாள், முன்பக்கம் மட்டுமே அச்சு, பின்பக்கம் வெறும் வெள்ளை. வங்கித் தலைவரும் காசாளரும் மையில் இட்ட கையெழுத்து பழுப்பேறியிருந்தது. பொதுக்கடன் பத்திரங்களின் பிணையின் பேரில் வெளியிட்டது என்ற வாசகம் ஓரத்தில் ஓடியது. அந்த ஒரு வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் நான் வாங்கப்போகிறேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

மூன்றாம் நாள் – ஸ்பிரிங்ஃபீல்டு

அந்த வரியில்தான் ஹாஃப்மனின் வீழ்ச்சி எழுதியிருந்தது என்பதை ரயிலில் போகும்போது மகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். சிகாகோவிலிருந்து மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மூன்றரை மணி நேரம். சன்னலுக்கு வெளியே அறுவடைக்கு நின்ற சோளக்காடு முடிவதே இல்லை.

அன்று நாடு முழுவதற்கும் பொதுவான காகிதப் பணம் கிடையாது. இல்லினாய் 1851இல் கொண்டுவந்த சட்டப்படி, மாநிலங்களின் கடன் பத்திரங்களை வாங்கித் தணிக்கை அதிகாரியிடம் ஒப்படைத்தால், அதன் மதிப்புக்கு ஒரு வங்கி சொந்தமாக நோட்டு அச்சிடலாம். பத்திரத்துக்கு வட்டியும் வரும், நோட்டைக் கடன் கொடுத்து இன்னொரு வட்டியும் வரும். குறைந்த விலைக்கு அதிக வட்டி தரும் பத்திரம் எதுவோ அதைத்தான் வங்கிகள் தேடி வாங்கும். அவை பெரும்பாலும் மிசூரி, டென்னசி, வர்ஜீனியா போன்ற அடிமை மாநிலங்களின் பத்திரங்கள். அடிமை முறைக்கு எதிராக மேடையில் முழங்கிய வட மாநிலத்தாரின் சட்டைப் பையில் இருந்த பணத்துக்கு அந்த மாநிலங்களின் வாக்குறுதிதான் பிணை. 1860 நவம்பரில் லிங்கன் வென்றார்; தென் மாநிலங்கள் விலகத் தொடங்கின; பத்திர விலை சரிந்தது. 1861 வசந்தத்தில் இல்லினாய் நோட்டுகள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று போயின. நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகளில் பெரும்பாலானவை மூடிக்கொண்டன. ஹாஃப்மனின் வங்கியும் 1861இல் படுத்துவிட்டது.

"அப்படின்னா அவர் ஜெயிச்சதே அவருடைய பேங்கைக் கவிழ்த்துடுச்சாப்பா?" என்று மகள் கேட்டாள். கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஏனென்றால் லிங்கன் வென்ற அதே தேர்தலில்தான் ஹாஃப்மனும் துணை ஆளுநராகத் தேர்வானார்.

ரயில் புளூமிங்டன்-நார்மல் நிலையத்தில் நின்றது. இதே புளூமிங்டனில்தான் 1856 மே 29ஆம் நாள், இந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி உருவான மாநாடு நடந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெப்ராஸ்கா மசோதா வந்திருந்தது. புதிய பிரதேசங்களில் அடிமை முறைக்குக் கதவு திறந்த அந்த மசோதாவில், குடியுரிமை பெறாத அயல்நாட்டாருக்கு அங்கே வாக்குரிமை இல்லை என்ற திருத்தத்தையும் செனட் சேர்த்துப் பார்த்தது. இரண்டாவது பின்னர் நீங்கிவிட்டாலும் ஜெர்மானியருக்குப் பட்ட சூடு ஆறவில்லை. மசோதாவைக் கொண்டுவந்த இல்லினாய் செனட்டர் டக்ளஸின் கொடும்பாவியை அவர்கள் சிகாகோவில் கொளுத்தினார்கள். அதுவரை ஜனநாயகக் கட்சிக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வாக்குகளைப் புதுக் கட்சியின் பக்கம் திருப்பியவர்களில் ஹாஃப்மன் முக்கியமானவர். ஆங்கிலக் கூட்டத்தில் ஆங்கிலமும் ஜெர்மன் கூட்டத்தில் ஜெர்மனும் பேச வல்ல ஆள் கிடைப்பது எந்தக் கட்சிக்கும் வரப்பிரசாதம். லிங்கன் 1859இல் 400 டாலர் போட்டு ஒரு ஜெர்மன் பத்திரிகையையே பின்னணியில் வாங்கி வைத்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த வாக்குகளின் விலை விளங்கும்.

அந்த மாநாடு ஹாஃப்மனையே துணை ஆளுநர் வேட்பாளராக்கியது. ஆனால் 1848ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு அந்தப் பதவிக்கு 35 வயதும் 14 ஆண்டுக் குடியுரிமையும் கேட்டது. அவருக்கு அப்போது 34 கூட நிறையவில்லை. விலகிக்கொண்டார், குவின்சி நகரத்து ஜான் வுட் அந்த இடத்துக்கு வந்து வென்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆளுநர் பிசல் 1860 மார்ச்சில் பதவியிலிருக்கும்போதே இறந்துவிட, வுட் ஆளுநராகிவிட்டார். அந்த விதி மட்டும் இடிக்காமல் இருந்திருந்தால், லேக் ஹவுஸில் சப்பாத்துத் துடைத்தவர் ஆளுநர் நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

ஸ்பிரிங்ஃபீல்டின் பழைய தலைமைச் செயலகம் சதுக்கத்தின் நடுவே பொன்னிறச் சுண்ணாம்புக் கல்லில் நிற்கிறது. 1960களில் இதைக் கல் கல்லாகப் பிரித்து, அடியில் வாகன நிறுத்துமிடம் கட்டிவிட்டு, மறுபடியும் மேலே அடுக்கினார்களாம். எல்லோரும் நேராகப் போவது லிங்கன் 1858இல் "பிளவுபட்ட வீடு" உரையாற்றிய பிரதிநிதிகள் மண்டபத்துக்குத்தான். அங்கே இன்னொரு அறையும் உண்டு: 1860 தேர்தலின்போது வுட் தம் சொந்த ஊரிலேயே தங்கிக்கொண்டு, ஆளுநர் அறையை லிங்கன் பார்வையாளர்களைச் சந்திக்க விட்டுக்கொடுத்தார்.

நான் போனது எதிர்ப்பக்கத்துச் செனட் அறைக்கு. சிறியது, ஆளே இல்லை. அரைவட்டமாகப் போட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் இறகுப் பேனா, மைக்கூடு. முன்னால் சற்று உயர்ந்த மேடையில் அவைத் தலைவரின் இருக்கை. துணை ஆளுநரின் அன்றாட வேலை அங்கே உட்கார்ந்து அவையை நடத்துவதுதான். 1861 ஜனவரியில் ஆளுநர் ரிச்சர்டு யேட்ஸோடு பதவியேற்றார். அதே ஆண்டில் வங்கி மூழ்கியது. வெளியில் தம்மை நம்பிப் பணம் போட்டவர்களின் முகம் ஒரு பக்கம், அவைக்குள் மாண்புமிகு தலைவர் என்ற விளிப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே நாலு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஒரு கிளையில் பணம் எடுக்க வரிசை கட்டி நின்றவர்களை நான் ஒரே ஒரு நாள் எதிர்கொண்டிருக்கிறேன். வதந்திதான், மாலைக்குள் அடங்கிவிட்டது. இன்னமும் அந்த வரிசையில் நின்ற சிலரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

1863இல் இந்த அவை ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. செனட்டில் 13க்கு 12 என்ற கணக்கு. போரையும் அடிமை விடுதலையையும் எதிர்த்த உறுப்பினர்களுக்கும் ஆளுநருக்கும் இடையே நாளொரு சண்டை. எந்தத் தேதியில் கூட்டத்தை முடிப்பது என்பதில் இரு அவைகளும் ஒத்துப்போகாததைச் சாக்காக வைத்து, ஜூன் 10ஆம் நாள் யேட்ஸ் பேரவையையே ஒத்திவைத்து அனுப்பிவிட்டார். உறுப்பினர்கள் போக மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட காட்சிகளை நாமும் நம் சட்டமன்றங்களில் காணாதவர்கள் அல்லவே என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். ஹாஃப்மனின் பதவிக்காலம் 1865 ஜனவரி மத்தியில் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 1ஆம் நாள், அடிமை முறையை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கு நாட்டிலேயே முதலாவதாக ஒப்புதல் தந்தது இதே இல்லினாய்ப் பேரவை. அன்று அந்த நாற்காலியில் வேறொருவர்.

நான்காம் நாள் – மில்வாக்கி

சுருக்கமாக எழுதுகிறேன், பாதி நாள் மழையிலும் மீதி பயணத்திலும் கழிந்தது.

வங்கி போன பிறகு ஹாஃப்மன் இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் நிலங்களை ஜெர்மானியக் குடியேறிகளுக்கு விற்கும் பொறுப்பை ஏற்றார். அரசு அந்த நிறுவனத்துக்குப் பாதையை ஒட்டி ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கர் கொடுத்திருந்தது. நிலம் விற்றால்தான் உழவர் வருவார், உழவர் வந்தால்தான் ரயிலுக்குச் சரக்கு. போருக்குப் பின் சிகாகோவில் இன்னொரு வங்கியைத் தொடங்கினார். ஒரு முறை விழுந்தவரிடம் மறுபடியும் பணம் போட அதே மக்கள் வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பெரிய செய்தி. 1871 அக்டோபரில் நகரம் பற்றியெரிந்தபோது, வங்கிகளை விரைவில் திறந்து மக்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்று வங்கியாளர்களை ஒன்றுகூட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு 1875இல், ஐம்பத்து மூன்று வயதில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஸ்கான்சினில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டார். அவர் அங்கிருந்து எழுதியவை அச்சேறியது மில்வாக்கியில், புரும்டர் என்பவரின் கெர்மானியா பதிப்பகத்தில். 1896இல் எழுந்த அதன் கட்டடத்தை நனைந்துகொண்டே பார்த்தேன். கூரையில் செம்புக் கும்மட்டங்கள் பிரஷ்யப் படைவீரரின் தலைக்கவசம் போலவே இருக்கின்றன. ஜெர்மன் பேரரசரான கெய்சரின் தொப்பி என்று ஊரார் கேலி செய்வார்களாம். வாசலுக்கு மேலே நின்ற கெர்மானியா தேவியின் சிலையை முதல் உலகப் போர்க் காலத்தில், ஊரில் எழுந்த ஜெர்மானிய வெறுப்புக்கு அஞ்சி, இறக்கிவிட்டார்கள். தொப்பிகள் மட்டும் தப்பின.

ஐந்தாம் நாள் – ஜெஃபர்சன்

மில்வாக்கிக்கும் மேடிசனுக்கும் நடுவே உள்ள ஜெஃபர்சனுக்கு ரயில் இல்லை. மருமகன் விடுப்பெடுத்துக் காரோட்டி வந்தார். மழை விட்டிருந்தது. கிராஃபிஷ் ஆறு வந்து ராக் ஆற்றில் கலக்கும் இடத்தில் ஊர். தண்ணீர் செம்மண் நிறத்தில் மெல்லப் போகிறது. இந்த ராக் ஆற்றங்கரையில்தான் ஹாஃப்மனின் பண்ணை இருந்தது. கரையோரமாக வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் மேய்ச்சல். தொலைவில் சிவப்பு மரக் களஞ்சியமும் உருளை வடிவத் தீவனக் குதிரும்.

இங்கே அவர் ஃபிரான்சிஸ் ஹாஃப்மனாக எழுதவில்லை. ஹான்ஸ் புஷ்பவர் என்று பெயர் வைத்துக்கொண்டார். புஷ்பவர் என்றால் புதர்க்காட்டை வெட்டித் திருத்திய குடியானவன். நம்மூரில் காடுவெட்டி என்று சொல்வோமே, ஏறத்தாழ அது. கெர்மானியா செய்தித்தாளின் இணைப்பாக வந்த வேளாண் இதழில், தழையுரம், பழமரம், கறவை மாடு, தேனீ, தோட்டக் காய்கறி என்று ஜெர்மன் மொழியில் ஆண்டுக்கணக்காக எழுதினார். டகோட்டாவிலும் நெப்ராஸ்காவிலும் தனியாகக் கிடந்த குடும்பங்கள் கேள்வி எழுதிப் போடுவார்கள். அவர் பதில் எழுதுவார். இல்லினாய் மாநிலத்தின் இரண்டாவது பெரிய பதவியில் இருந்தவர் என்று தெரியாமலேயே பலர் ஹான்ஸ் அண்ணனிடம் கன்றுக்கழிச்சலுக்கு மருந்து கேட்டிருப்பார்கள்.

மருமகனுக்கு இது புதிராக இருந்தது. "இவ்வளவு பெரிய ஆள் ஏன் மாமா பெயரை மறைச்சுக்கணும்?" என்றார். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். போதகர் என்றாலும் வங்கியாளர் என்றாலும் துணை ஆளுநர் என்றாலும் அவர் செய்தது ஒரே வேலைதான்: மொழி தெரியாமல் வந்து இறங்கியவருக்கும் இந்த நாட்டுக்கும் நடுவே நின்று இரு பக்கத்தையும் படித்துச் சொல்வது. முதலில் வேதம், பிறகு நிலப் பத்திரம், பிறகு சட்டம், கடைசியில் மண். கடைசி வேலைக்கு மட்டும் பட்டம் தேவைப்படவில்லை, இருந்தால் இடைஞ்சலும்கூட. அதோடு, ஹாஃப்மன் என்ற பெயருக்கு ஒரு திவாலான வங்கியின் நினைவும் ஒட்டிக்கொண்டிருந்தது. காடுவெட்டிக்கு அந்தக் கணக்கு இல்லை. பின்னது என் ஊகம்தான். வங்கிக்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

தெற்கே ஆறேழு மைலில் ஃபோர்ட் அட்கின்சன். இதே காலத்தில் அங்கே வில்லியம் ஹோர்டு என்பவர் 1885இல் தொடங்கிய பால்பண்ணை இதழில் ஆங்கிலத்தில் அதையே எழுதிக்கொண்டிருந்தார்: கோதுமையை விடுங்கள், மாடு வளர்த்துப் பால் கறங்கள். பின்னர் அவர் விஸ்கான்சின் ஆளுநரானார். 1889இல் அவர் ஆட்சியில் வந்த பென்னட் சட்டம் முக்கியப் பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கு விதித்தது. ஜெர்மானியரின் சபைப் பள்ளிகள் கொதித்தெழுந்தன. 1890 தேர்தலில் ஹோர்டு தோற்றார். பசுவைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு நடந்த அதே உழவர்கள், பாடமொழி என்றதும் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை என்று தோன்றியது.

ஹாஃப்மன் 1903ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஜெஃபர்சனில் காலமானார். வயது எண்பது. சின்தியாவை மணந்து ஐம்பதாண்டுகள் தாண்டிய பிறகும் எழுதிக்கொண்டிருந்தவர்.

திரும்பும்போது சாலை ஓரத்தில் மேசை ஒன்று தென்பட்டது. கூடையில் ஆப்பிள், தட்டில் தக்காளி, அட்டையில் விலை, பக்கத்தில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. ஆள் யாரும் இல்லை; வீடே ஒரு பர்லாங்கு உள்ளே இருந்தது. ஆப்பிள் பை நாலு டாலர். என்னிடம் ஐந்து டாலர் நோட்டுத்தான் இருந்தது. மீதி எடுக்க வழியில்லை என்று நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் நோட்டை வாங்கி மடித்துத் துளையில் போட்டுவிட்டு, ஒரு டாலருக்கு இரண்டு தக்காளி என்று அட்டையில் போட்டிருந்தபடி, பழுத்ததாக இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.